ஒற்றைக்காலில் நிற்பவன்

ஒரு காலின் குதிகால் மறு காலின் பெருவிரலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அப்படித்தான் நிற்கிறேன், கீழே நீலக் கலர் டேப் ஒட்டிய சிமெண்டுத் தரை, அது எங்கேயும் ஓடிப் போகாது என்று எனக்குத் தெரியும், என் கணுக்காலுக்குத்தான் தெரிய மாட்டேன் என்கிறது. அது பாட்டுக்கு உள்பக்கம் ஒரு வெட்டு, வெளிப்பக்கம் ஒரு வெட்டு என்று தனியாக ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. சும்மா நிற்பது என்று ஒன்று கிடையவே கிடையாதாம், நிற்கிற மனுசன் எந்நேரமும் கொஞ்சம் சாய்ந்து கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேதான் இருக்கிறானாம், முதல் நாள் எஸ்தரம்மா இதைச் சொன்னபோது இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று நினைத்தேன், இப்போது பாதத்துக்கு அடியில் நடக்கிற அலைச்சலைப் பார்த்தால் சரிதான் என்று படுகிறது. எஸ்தரம்மா இங்கே பிசியோ டாக்டர், என் மகள் சுகந்தியைவிடச் சின்ன வயசு, சுடிதாருக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ. வயசானவர்கள் விழாமல் இருக்க அவர் நடத்துகிற வகுப்பு இது, வாசல் போர்டில் ‘விழாமல் வாழ்வோம்’ என்று கட்சிக் கோஷம் மாதிரி எழுதியிருக்கிறது. முன்னால் இது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்த இடம், மேஜைக் கால்கள் அழுத்திய பள்ளம் தரையில் இன்னும் வரிசையாகத் தெரிகிறது, எல்லிஸ் நகர் வெயில் ஜன்னல் வழியாக வந்து அந்தப் பள்ளங்களுக்குள் கிடக்கிறது. காலையில் குளித்து, திருநீறு பூசி, சூடாக இட்லி சாப்பிட்டுவிட்டு, இந்த மாதிரி ஒரு ஹாலில் நாலைந்து பேரோடு கொக்காக நிற்பது நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்று பரீட்சை என்பது ஒன்றைத் தவிர. இன்றைய வகுப்பு முடிந்ததும் எஸ்தரம்மா சுகந்திக்குப் போன் போடுவார், உங்க அப்பா தனியாக பஸ்ஸில் போகலாம் என்றோ போகக் கூடாது என்றோ சொல்லிவிடுவார், அதுதான் முடிவு என்று எனக்கும் மகளுக்கும் ஒப்பந்தம். போகலாம் என்றால் நாளைக்கே வத்தலக்குண்டு. கூடாது என்றால் மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்து, அவர் காரை எடுத்து, பெட்ரோல் போட்டு, போகிற வழியில் அவருக்கு ஒரு வேலை இருந்து, அதெல்லாம் நடக்கிற காரியமா. ஒத்தக்கால்ல நிக்காதீங்கப்பா, சொன்னாக் கேளுங்கப்பா என்று வீட்டில் சுகந்தி சொல்கிறாள், இங்கே வந்தால் ஒற்றைக்காலில் நில்லுங்கள் ஐயா என்று எஸ்தரம்மா சொல்கிறார், நான் யார் பேச்சைக் கேட்பது. இரண்டு பேர் பேச்சையும் கேட்கிற மாதிரிதான் இப்போதைக்கு நிற்கிறேன்.

வத்தலக்குண்டில் ராயப்பன் இருக்கிறான். ராயப்பன் என் டிரைவர், என் டிரைவர் என்றால் நான் ஏதோ கார் வைத்திருந்த மாதிரி இருக்கும், அப்படியில்லை, மதுரை கொடைக்கானல் ரூட்டில் ஒரே வண்டியில் அவன் ஸ்டியரிங்கும் நான் பையும் விசிலுமாக ரொம்பக் காலம் ஓடினோம், தாலி கட்டியவளோடு இருந்ததைவிட ராயப்பனோடு இருந்ததுதான் ஜாஸ்தி என்று என் பெஞ்சாதி இருந்தவரைக்கும் சொல்லிக்காட்டினாள், தப்பில்லை, கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வரும். இப்போது சர்க்கரை வியாதி அவன் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. மகன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறான், ரோட்டை ஒட்டின வீடு. புதன்கிழமை தோறும் நான் போவேன். போய் என்னப்பா செய்வீங்க, போன்லயே பேசிக்கலாமே என்று சுகந்தி கேட்கிறாள், அவள் கேட்பதும் நியாயம்தான், ஆனால் போனில் எங்களுக்குப் பேச்சே வராது. அவன் முன்னால், நான் பின்னால், நடுவில் அத்தனை தலை, ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு, கண்ணாடியில் அவன் கண் மேலே வந்தால் என்னய்யா இவ்வளவு நேரம் என்று அர்த்தம், நான் உதட்டைப் பிதுக்கினால் கூட்டம் இறங்குது இரு என்று அர்த்தம், இப்படியே காலத்தை ஓட்டினவர்களுக்குக் காதில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு என்ன பேச வரும். சாப்பிட்டியா தவமணி என்பான், சாப்பிட்டேன் என்பேன், வெயிலு என்பேன், ஆமா வெயிலு என்பான், அப்புறம் ரெண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். நேரில் என்றால் அதே மௌனம் வேற மாதிரி இருக்கும். கட்டிலில் பக்கத்தில் உட்காருவேன், ரோட்டில் வண்டி போகும், ராயப்பன் தலையைச் சாய்த்து கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, யார்ரா இவன், கிளட்ச்சப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறான் என்பான், நான் சிரிப்பேன், அவன் சிரிப்பான், பொழுது போய்விடும். இதற்காகவா அவ்வளவு தூரம் என்றால் இதற்காகத்தான். நான் விழுந்ததிலிருந்து போகவில்லை, எத்தனை புதன் போயிற்று என்று எண்ணவில்லை, எண்ணினால் தாங்காது. போன வாரம் அவன் மகன்தான் போனை வாங்கி, வெளியே வந்து பேசுகிறான் என்று நினைக்கிறேன், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “புதன்கிழமையானா அப்பா வெள்ளைச் சட்டையப் போட்டு உக்காந்துக்கிறாரு சித்தப்பா. சொன்னாலும் கழட்ட மாட்டேங்கிறாரு.” அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இட்லி இறங்குவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இன்று இறங்கியது, ஏனென்றால் இன்று செவ்வாய், நாளை நான் போய்விடுவேன் என்று மனசு முடிவு பண்ணிவிட்டது.

இப்போது டேப் மேல் நடந்துகொண்டே தலையை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்ப வேண்டும், ஜன்னல் பக்கம் ஒருதரம், கண்ணாடிப் பக்கம் ஒருதரம். முதலில் நடந்த பேங்க் மேனேஜர் குடித்தவர் மாதிரி ஒருபக்கமாகப் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டார், ரிட்டயராகிப் பல வருஷம் ஆகியும் இன் பண்ணின சட்டையோடு வருகிறவர், சுவரைத் தொட்டதும் சட்டையைச் சரி பண்ணிக்கொண்டார். எனக்கு இது பழகின வேலை, முன் படியில் ஏறினவன் டிக்கெட் வாங்கினானா என்று பார்த்துக்கொண்டே பின் படிக்கு நடக்கிற வேலை, கண் ஒருபக்கம் கால் ஒருபக்கம் போகும். பாதி தூரம் அழகாகத்தான் போகிறேன். ஜன்னல், கண்ணாடி, ஜன்னல், கண்ணாடியில் ஒரு நரைத்த ஆள் டேப்பின் மேல் வருகிறான், வயிறு முன்னால் வருகிறது, பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கிறான், அப்போது முழங்காலுக்குப் பின்பக்கம் அந்தக் குளிர்ச்சி வருகிறது. பயம் நெஞ்சில் வரும் என்று சொல்கிறார்களே, எனக்கு அங்கே வருவதில்லை, முழங்காலுக்குப் பின்னால், குழிந்திருக்கிற அந்த இடத்தில், யாரோ ஐஸ் தண்ணீர் விரலை வைத்த மாதிரி வருகிறது, வந்தால் அடுத்த அடி எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, யோசித்து யாராவது நடக்க முடியுமா. விழுந்ததற்கு அப்புறம் வந்தது இது. பாத்ரூமில் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கோயில் படியில் விழுந்தேன் என்றால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், நான் விழுந்தது பஸ்ஸில். கொண்டை ஊசி வளைவில் மொத்த வண்டியும் வாந்தியெடுத்துக் கிடக்கும்போது ஒரு கையில் டிக்கெட்டும் ஒரு கையில் சில்லறையுமாகக் கம்பியைத் தொடாமல் நின்றவன், நிலக்கோட்டை தாண்டி ஒரு நேர் ரோட்டில், பின் கம்பியில் முதுகை வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு பழைய தோரணையில் நின்றவன், குறுக்கே ஆடு வந்து டிரைவர் பிரேக் அடித்தான், அடிக்காமல் என்ன செய்வான், நான் நடைபாதை முழுக்க உருண்டு போய் யாரோ ஒரு அம்மாவின் பால் தூக்கில் போய் முட்டிக் கிடந்தேன். மணிக்கட்டு வீங்கினதோடு போயிற்று. ஆனால் கண்டக்டர் பையன் ஓடிவந்து தூக்கி நிறுத்தி, பெருசு, கம்பியப் பிடிக்கக் கூடாதா என்றான் பாருங்கள், அந்த வார்த்தையை நான் என் வாயால் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். வத்தலக்குண்டுக்குப் போகாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எதிர்ப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன், அன்றைக்கும் புதன்கிழமைதான். டேப் முடிந்துவிட்டது, எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை, எஸ்தரம்மா நல்லா வந்தீங்க ஐயா என்கிறார்.

ஒற்றைக்கால்தான் நிஜமான பரீட்சை, அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். முன்னால் ஒரு சேர், அதன் முதுகை விரல் நுனியால் தொடலாம், பிடிக்கக் கூடாது, அப்புறம் அதையும் எடுத்துவிட வேண்டும். எஸ்தரம்மா எதிரில் நிற்கிறார், கழுத்தில் ஸ்டாப் வாட்ச். லெஃப்ட் என்கிறார், இடது காலைத் தூக்குகிறேன், வலது காலில் கல் நட்ட மாதிரி நிற்கிறேன், அசைவு உண்டு, விழ மாட்டேன், பக்கத்து வரிசையில் சுலோச்சனாம்மா கையைத் தட்டுவது கேட்கிறது. சரி, மாத்திக்கலாம் என்கிறார், கால் மாற்றி இடது காலை ஊன்றித் தயாராகிறேன், ரைட் என்கிறார், அவ்வளவுதான், வலது கால் தூக்கினதும் உடம்பு முன்னால் போகிறது, பொத்தென்று சேரைப் பிடிக்கிறேன். மறுபடி பண்ணலாம் ஐயா. மறுபடி ரைட், மறுபடி சேர். இது இன்றைக்கு வந்தது இல்லை, வந்த நாளிலிருந்து இருக்கிறது, இடது காலில் பலமில்லையோ என்று ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கவைத்தார், இழுத்தேன், வலதைவிட நன்றாகவே இழுத்தேன், காதுக்குள் இருக்கிற ஏதோ கோளாறோ என்று காது டாக்டரிடம் அனுப்பினார், அவர் பார்த்துவிட்டு இந்தக் காது இன்னும் நாற்பது வருஷம் ஓடும் என்று திருப்பி அனுப்பினார். சரியான காலும் சரியான காதும் இருக்கிற ஒரு மனுசன் ஏன் ரைட் என்றால் மட்டும் சேரில் போய் விழுகிறான். எனக்கே புரியவில்லை. மறுபடி ரைட், இந்தத் தடவை சேர் தள்ளிக்கொண்டு போய்விட்டது, எஸ்தரம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அவர் முகம் மாறிவிட்டது, நல்லவர், மறைக்கத் தெரியவில்லை. உட்காருங்க ஐயா, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாப்போம் என்றார், டாக்டர்கள் பாப்போம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று இத்தனை வயசில் எனக்குத் தெரியாதா. வத்தலக்குண்டு போயிற்று. நாளைக்கு அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் இதில் தவமணி இறங்குகிறானா என்று தலையைச் சாய்ப்பான், நான் இங்கே சீரியல் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணி வேணுமா என்று யாரோ கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் சுலோச்சனாம்மா சிரிக்க ஆரம்பித்தார். சுலோச்சனாம்மா வீட்டிலேயே சுங்கடிச் சேலை வியாபாரம் பண்ணுகிறவர், என் வயசுதான் இருக்கும், என்னைவிட அகலம், ஒற்றைக்காலில் நின்றுகொண்டே யார் யாருக்கு எந்தக் கலர் எடுக்கும் என்று பேசுகிறவர், எஸ்தரம்மாவின் வகுப்பில் அவர்தான் முதல் ராங்க். சேரைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்க, டாக்டர், அவரு என்ன வேலை பாத்தாருன்னு நெனச்சீங்க, நீங்க ரைட்டுன்னு சொன்னா அவரு வண்டியக் கெளப்பிடுறாரு டாக்டர் என்றார். பேங்க் மேனேஜர் சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, எஸ்தரம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் நிஜம் அது. போலாம் ரைட் என்று சொல்லி விசில் அடிப்பதற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது, வண்டி கிளம்பும்போது நிற்கிறவனைப் பின்னால் தள்ளும், அதனால் அந்த மூச்சு நேரத்துக்குள் உடம்பை முன்பாதத்தில் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும், புதுசாக வேலைக்குச் சேர்ந்தவன் இதைக் கற்றுக்கொள்ளப் பல தடவை பின்னால் இருப்பவர் மடியில் உட்காருவான், நானும் உட்கார்ந்திருக்கிறேன், அப்புறம் பழகிவிடும், பழகினது தெரியாத அளவுக்குப் பழகிவிடும். இந்த ஹாலில் ரைட் என்று சத்தம் வந்ததும் உடம்பு முன்னால் சாய்ந்து வண்டிக்குக் காத்திருக்கிறது. வண்டிதான் வருவதில்லை. இருங்க, இருங்க என்று எஸ்தரம்மா பக்கத்தில் வந்தார், கண்ணில் ஒரு குறும்பு, என்னை எழுப்பி, சேரை முன்னால் இழுத்துப் போட்டு, சுத்தத் தமிழில், வலது காலைத் தூக்குங்க ஐயா என்றார். தூக்கினேன். நின்றேன். இடது கால் கணுக்கால் தன் வேலையைப் பார்த்தது, நான் என் வேலையைப் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே ஒரு கீரைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜன்னலின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் மறையும் வரைக்கும் நின்றேன், விரல் நுனிகூடச் சேரைத் தொடவில்லை. போதும் ஐயா, போதும், இறக்குங்க என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு எத்தனையோ நாளைக்கு அப்புறம் சந்தோசம் என்பது காலில் வந்தது.

இப்போது அவர் என் பின்னால் நிற்கிறார். இதுதான் கடைசி என்று நினைக்கிறேன், பின்னாலிருந்து, எப்போது என்று சொல்லாமல், தோளில் லேசாகத் தள்ளுவார், நாம் ஒரு அடி எடுத்து வைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும், தாங்குவதற்குத் தோதாகக் காலை முன்கூட்டியே அகட்டி வைக்கக் கூடாது. காத்திருக்கிறேன். முழங்காலுக்குப் பின்னால் குளிர்கிறது. தள்ளப்போகிறார், தள்ளவில்லை, இப்போது, இல்லை, வெளியே ஆட்டோ ஹார்ன், தள்ளிவிட்டார், ஒரு அடி போய் நின்றேன், சரி. மறுபடி காத்திருக்கிறேன். இந்தக் காத்திருப்புதான் கஷ்டம், தள்ளுவது ஒன்றுமேயில்லை. பஸ்ஸில் எனக்கு இந்தக் காத்திருப்பு இருந்ததே இல்லை, ஏன் இருந்ததில்லை, ரோட்டை நான் பார்க்கவே மாட்டேனே, முதுகைக் காட்டிக்கொண்டு டிக்கெட் கிழிப்பவனுக்கு எதிரில் லாரி வருவது எப்படித் தெரியும், வளைவு வருவது எப்படித் தெரியும், தெரிந்தது, எப்போதும் தெரிந்தது, ராயப்பன் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுப்பான், இஞ்சின் ஒரு பெருமூச்சு விடும், அந்தப் பெருமூச்சு என் முதுகுக்குக் கேட்கும். மற்ற டிரைவர்கள் எடுத்த காலோடு பிரேக்கை மிதிப்பார்கள், ராயப்பன் லீவு போட்ட நாளில் நான் கம்பியைப் பிடித்திருக்கிறேன், அட ஆமாம், பிடித்திருக்கிறேன், அதை எப்படி மறந்தேன். இன்னொரு தள்ளு, ஒரு அடி, நின்றேன். அப்படியென்றால் அந்தக் கொண்டை ஊசி வளைவில் எல்லாம் விழாமல் நின்றது நான் இல்லை. அவன் கால் என்னை நிறுத்தி வைத்திருந்தது. நான் பின்னால் ரிவர்ஸுக்கு விசில் அடித்து அவனைப் பள்ளத்தில் இறங்காமல் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன், அவன் வாயைத் திறக்காமல் நாள் முழுக்க என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். வேண்டுமென்றே செய்தானா, இல்லை அவன் ஓட்டுகிற விதமே அப்படியா, கேட்க வேண்டும், கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்க வேண்டும், போனில் இதைக் கேட்டால் என்ன உளறுகிறாய் என்பான். பெருமை போனதில் எனக்கு வருத்தமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம், எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும் என்று மட்டும் தோன்றியது, அதை அவனிடம் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. கண் கொஞ்சம் கலங்கியது, வியர்வையைத் துடைக்கிற மாதிரித் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

தள்ளுவது முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று துண்டைத் தோளில் போட்டேன். முடியவில்லை. எஸ்தரம்மா பிளாஸ்டிக் சேர்களை இழுத்து இரண்டு இரண்டாகப் போடுகிறார், நடுவில் ஒரு சந்து விடுகிறார், பேங்க் மேனேஜரையும் சுலோச்சனாம்மாவையும் மற்றவர்களையும் உட்காரச் சொல்கிறார், ஒரு சேர் காலியில்லை, இது பஸ் ஐயா, ஏறுங்க என்கிறார். சிரித்துக்கொண்டே ஏறினேன், இல்லாத படியில் இல்லாத கம்பியைப் பிடித்து. உட்கார இடமில்லை, வத்தலக்குண்டு வரைக்கும் போகணும், என்ன செய்வீங்க. நிப்பேன் என்றேன். கம்பியப் பிடிச்சுக்கிட்டா. பிடிச்சுக்கிட்டு என்றேன், அதைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று, சொன்னதும் பெரிய தியாகம் பண்ணின மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், பத்தாது என்கிற ஆட்டல். நல்ல டிரைவரா இருந்தா கம்பி போதும், நிலக்கோட்டையில மாதிரி அடிச்சா உங்க மணிக்கட்டு தாங்காது, உங்க கால் நல்லாருக்கு ஐயா, ஆனா ஓடுற வண்டியில நிக்கிற அளவுக்கு இல்ல, இனிமே வருமான்னும் சொல்ல மாட்டேன், அதனால எடம் கேளுங்க என்றார். நேராகவே சொல்லிவிட்டார். கோபம் வந்தது, சத்தியமாக வந்தது, இவ்வளவு நேரம் கீரைக்காரர் போகிற வரைக்கும் நின்றேனே என்று வந்தது, ஆனால் அவர் சொல்வது பொய்யில்லை என்று முழங்காலுக்குப் பின்பக்கத்துக்குத் தெரிந்திருந்தது. கேளுங்க ஐயா, சும்மா, கேட்டுப் பாருங்க. இதில் என்ன இருக்கிறது, இடம் கேட்பது என் தொழிலில்லையா, கர்ப்பிணிக்குக் கேட்டிருக்கிறேன், கைப்பிள்ளைக்காரிக்குக் கேட்டிருக்கிறேன், காலில் கட்டுப்போட்டவனுக்குக் கேட்டிருக்கிறேன், காலேஜ் பையன்களைக் காதைப் பிடித்துத் தூக்காத குறையாக எழுப்பியிருக்கிறேன், பஸ் முழுக்கக் கேட்கிற குரல் எனக்கு. சுலோச்சனாம்மா முன்வரிசையில் செல்போனை நோண்டுகிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு நடிக்கிறார். பக்கத்தில் போனேன். எஸ்தரம்மா காத்திருக்கிறார், எல்லோரும் காத்திருக்கிறார்கள், ஜன்னலில் வெயில் ஏறிவிட்டது. தொண்டையைச் செருமினேன், பழைய குரல் தானாக வந்தது.

“பெரியவருக்கு எடம் குடும்மா.”

சுலோச்சனாம்மா நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது ஏறியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். “எந்தப் பெரியவருக்கு?” என்று கேட்டார், கிண்டலில்லை, நிஜமாகவே தேடினார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் கூட்டிக்கொண்டு வந்து இடம் பிடித்துக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் எப்போதும் நின்றுகொண்டிருந்தார், தள்ளாடுகிறவர், பாவப்பட்டவர், நான் அல்லாதவர். அவரைக் காணவில்லை. பேங்க் மேனேஜர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார், அது மரியாதை என்று எனக்குப் புரிந்தது. சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், விளையாட்டுத்தானே என்று ஒரு மனசு, விளையாட்டு என்றால் ஏன் வாய் உலர்கிறது என்று ஒரு மனசு, நாளைக்கு நிஜ வண்டியில் முகம் தெரியாத ஒருத்தனிடம் இதைச் சொல்ல வேண்டும், அந்த வண்டியில் எனக்காக யாரும் இஞ்சினைப் பெருமூச்சு விடச் செய்யப் போவதில்லை. சுலோச்சனாம்மா இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பு போய்விட்டது.

“எனக்குத்தாம்மா,” என்றேன். “நின்னா விழுந்துருவேன்.”

பஸ் முழுக்கக் கேட்கிற குரல் இல்லை அது, பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கிற குரல், அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. சுலோச்சனாம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தது, கணுக்கால்கள் வேலையை நிறுத்தின, முழங்காலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் முழங்கால்தான் இருந்தது. எஸ்தரம்மா ஜன்னலோரம் போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டார், சுகந்தி எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, அவள் படபடவென்று என்னவோ கேட்கிறாள், எஸ்தரம்மா அதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சாவதானமாகச் சொன்னார்.

“போகட்டும்மா. உக்காந்து போவாரு.”